கால்டன் வார்டு கவுன்சிலர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டன் நாடாளுமன்றத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்போர்டு, அப்புறம் நேராக அமைச்சர் நாற்காலி என்ற பாதையைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் குப்பை, தெருவிளக்கு, வீட்டு வாடகை என்று வார்டில் புகார் கேட்டுப் பழகி அங்கே போனவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து அலிசன் தியூலிஸ்.

2007-ல் அவர் கால்டன் வார்டின் கவுன்சிலரானார். அதற்கு முந்தைய தேர்தலில் கிளாஸ்கோ மாநகராட்சியின் 79 இடங்களில் 71 தொழிற்கட்சியிடம் இருந்தன. 2007-ல் வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை இடும் முறை ஸ்காட்லாந்து உள்ளாட்சிகளுக்கு வந்தது. தொழிற்கட்சி 45-க்கு இறங்க, தியூலிஸின் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 22 இடங்களைப் பிடித்தது. கால்டன் எப்படிப்பட்ட பகுதி என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2008-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று போதும். அங்கே பிறக்கும் ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் 54 என்றது அது. சில மைல் தொலைவில் உள்ள லென்சியில் பிறந்தால் 28 ஆண்டுகள் கூடுதலாக வாழலாமாம்.

2015-ல் தியூலிஸ் கிளாஸ்கோ மத்தியத் தொகுதியில் தொழிற்கட்சியின் அனஸ் சர்வாரைத் தோற்கடித்து எம்.பி. ஆனார். (அனஸின் தந்தை முகமது சர்வாரும் கிளாஸ்கோ கவுன்சிலராக இருந்து 1997-ல் எம்.பி. ஆனவர்தான். பிரிட்டனின் முதல் முஸ்லிம் எம்.பி.; பிற்பாடு பாகிஸ்தான் போய்ப் பஞ்சாப் ஆளுநரானார். அதற்கே தனிக் கட்டுரை வேண்டும்.) 2015 தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் 56 தியூலிஸின் கட்சிக்கே போயின. அந்த அலையில் யார் நின்றாலும் ஜெயித்திருப்பார்கள் என்பார் உண்டு. இருக்கலாம். அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம்.

அந்த ஜூலையில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் போட்ட பட்ஜெட்டில், குழந்தைகளுக்கான உதவித்தொகை இனி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் என்ற அறிவிப்பு இருந்தது. எல்லோரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆவணத்துக்குள் கிடந்த ஒரு விதிவிலக்கு தியூலிஸின் கண்ணில் பட்டது. மூன்றாவது குழந்தை பாலியல் வன்முறையால் பிறந்தது என்றால் தொகை உண்டு. அப்படியானால், பணம் வேண்டும் என்பதற்காக ஒரு பெண் தனக்கு நேர்ந்ததை அரசாங்கப் படிவத்தில் எழுதிக்கொடுக்க வேண்டுமா? இதைத்தான் அவர் மறுபடி மறுபடி கேட்டார். மனுவோடு வருபவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவிப் பழகியவருக்கு இந்தக் கேள்வி தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஆனாலும் 2017 ஏப்ரலில் அந்த இரண்டு பிள்ளை விதி அமலுக்கு வந்தது. அதைக் கைவிடுவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் தொழிற்கட்சி அரசு அறிவித்தபோது தியூலிஸ் அவையில் இல்லை.

போதை ஊசி போடுபவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்புள்ள இடம் வேண்டும் என்றும் அவர் பல ஆண்டுகள் வாதாடினார். லண்டனில் உள்துறை அமைச்சகம் முடியாது என்றே சொல்லிவந்தது. கடைசியில், அங்கே போதைப்பொருள் வைத்திருப்பவர்கள் மீது வழக்குத் தொடுப்பது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று ஸ்காட்லாந்தின் தலைமை அரசு வழக்கறிஞர் 2023-ல் சொன்ன பிறகே வழி பிறந்தது. 2025 ஜனவரியில் கிளாஸ்கோவின் ஹண்டர் தெருவில் 'திசில்' மையம் திறந்தது. பிரிட்டனிலேயே இதுதான் முதலாவது.

அவருடைய கட்சியின் தனிநாட்டுக் கோரிக்கை எனக்கு உடன்பாடில்லை, அது வேறு விஷயம். 2022-ல் அக்கட்சியின் எம்.பி.க்கள் குழுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு, ஸ்டீபன் ஃபிளினிடம் 26-க்கு 17 என்று தோற்றார். 2024-ல் அவருடைய தொகுதியே சீரமைப்பில் மறைந்துபோக, கிளாஸ்கோ வடக்கில் நின்று தொழிற்கட்சியின் மார்ட்டின் ரோட்சிடம் தோற்றார். ரோட்ஸ் யார் தெரியுமா? அவரும் கிளாஸ்கோ கவுன்சிலராக இருந்தவர்தான்.

2027 மே மாதம் ஸ்காட்லாந்தில் மீண்டும் உள்ளாட்சித் தேர்தல் வருகிறது. அதற்கு முன் அந்த விருப்ப வரிசை வாக்குகளை எப்படி எண்ணுகிறார்கள் என்று ஒரு கட்டுரை வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி