கிழங்கறையைத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் மலைத் தோட்டத்து நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

பூச்செடிக் கிழங்குகளைப் பனிக்காலம் முழுக்க வைத்துக் காக்கும் கிழங்கறை யார் உத்தரவில் காலி செய்யப்பட்டது, மணல் தட்டுகள் எங்கே போயின, மலர்க்காட்சியின் இரும்பு வளைவுகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் எப்போது உள்ளே வந்தன என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். இரண்டு மனுக்களில் அதை எழுதிவிட்டேன். முதல் உறைபனி விழுந்த வாரத்தில் நான் பார்த்ததை மட்டும் இப்போது சொல்கிறேன்.

அறைக்குப் பின்னால், கூரை ஒழுகும் தாழ்வாரத்தில் ஏழு சாக்குகள் கிடந்தன. ஒன்றைப் பிரித்துக் கையை விட்டேன். டேலியாக் கிழங்கு கூழாகக் கையோடு வந்தது. சாக்கின் அடியில், பெயர் எழுதிய தகரச் சீட்டுகள் ஒரே கட்டாகக் கம்பியில் கோத்துக் கிடந்தன. எந்தச் சீட்டு எந்தக் கிழங்குக்கு உரியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சீட்டுகளில் பாதி என் அப்பாவின் கையெழுத்து. அவர் இந்தத் தோட்டத்தில் 31 வருடம் வேலை பார்த்தவர்.

டேலியாவை எப்போது தோண்ட வேண்டும் என்பதைச் செடிதான் சொல்லும் என்பார் அப்பா. பனியில் இலை கருகித் தண்டு காய வேண்டும். அப்புறம் தண்டை அரை அடி விட்டு அறுத்து, ஒரு முழம் தள்ளிக் கொத்தி, மண்ணோடு சேர்த்துத் தூக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்து முறிந்துவிடும். கழுத்துதான் எல்லாமே. உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண் இருக்கும், எங்கே வெட்டி நட்டாலும் முளைக்கும். டேலியாவுக்குக் கண் இருப்பது தண்டும் கிழங்கும் சேரும் அந்தக் கழுத்தில் மட்டும். கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் மண்ணில் கிடந்து அழுகுமே தவிர முளைக்காது. தூக்கிய கிழங்கை நிழலில் உலர்த்தி, சாம்பல் தூவி, காய்ந்த மணலில் படுக்க வைப்பார்கள். தலைமாட்டில் சீட்டு. மாசி கடைசி வரைக்கும் வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்து, அழுகல் கண்டதை அறுத்தெறிவார்கள். அந்த அறை அதற்காகக் கட்டப்பட்டது. வடக்குப் பார்த்த ஜன்னலும் தரைக்கு மேல் உயர்த்திய பலகைகளும் சும்மா வைத்தவை இல்லை.

இந்த வருடம் ஒப்பந்தம் கார்த்திகையோடு முடிகிறது என்பதற்காக, பச்சைத் தண்டோடு மழையிலேயே பிடுங்கிச் சாக்கில் திணித்தார்கள். அதன் மேல் உறைபனியும் விழுந்தது. கண்ணாடிக் கூடத்துச் செங்காந்தள் கிழங்குகளும் அதே சாக்குகளில் கிடந்தன. கலப்பை போல வளைந்த அந்தக் கிழங்கு முளைப்பது அதன் நுனியில். சாக்கை இழுத்துப் போட்டால் முதலில் ஒடிவதும் அந்த நுனிதான். நம் மாநில மலருக்கு ஓர் அரசுத் தோட்டத்தில் கிடைத்த இடம் இது.

"போனால் என்ன, வேறு வாங்கிக்கொள்ளலாமே" என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, விஷயத்தை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். டேலியா விதை போட்டால் தாயைப் போல வராது. நிறம் மாறும், இதழடுக்கு மாறும். ஒரு ரகத்தை அப்படியே தொடர வேண்டுமானால் அதே கிழங்கைப் பிரித்து நட வேண்டும், இல்லாவிட்டால் அதன் தளிரை வெட்டி வேர்விடச் செய்ய வேண்டும். கடைசிக் கிழங்கும் அழுகினால் அந்த ரகம் இந்தத் தோட்டத்தில் முடிந்தது. நர்சரிகளில் இன்று விற்பவை புதிய குட்டை ரகங்கள். அப்பா காலத்து ஆளுயர வெள்ளையை அங்கே கேட்டால் சிரிக்கிறார்கள்.

மெக்சிகோவிலிருந்து மாட்ரிட் அரசத் தோட்டத்துக்கு வந்த ஒரு செடிக்கு 1791இல் காவனில்யெஸ் என்ற பாதிரியார், ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் டால் என்பவரின் நினைவாக டேலியா என்று பெயர் வைத்தார். இத்தனை தூரமும் இத்தனை காலமும் அந்தக் குலம் வந்தது, வருடா வருடம் யாரோ ஒருவர் எடுத்து வைத்து மறுபடி நட்டதால்தான். நெதர்லாந்தில் லிம்மன் என்ற ஊரில் பழைய டூலிப், ஹையசிந்த், டாஃபடில் ரகங்களைக் காப்பதற்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறது. 1595ஆம் ஆண்டு ரகம் ஒன்று அங்கே இன்னும் பூக்கிறது. அங்கேயும் இதே வேலைதான். கோடையில் தோண்டி, உலர்த்தி, பெயரோடு அடுக்கி, இலையுதிர் காலத்தில் நடுகிறார்கள்.

இனி நான் எழுதத் தயங்கிய விஷயம். உங்கள் தினக்கூலித் தொழிலாளி ஒருவர், பெயர் வேண்டாம், சாக்கில் திணிப்பதற்கு முன்பே நான்கு பெட்டிக் கிழங்குகளைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். ஒற்றை அறை வீடு. கட்டிலுக்கு அடியில் பெட்டிகள். அடுப்புப் புகையும் ஈரமும் படக்கூடாதென்று பகலில் பெட்டிகளை வாசலுக்குத் தூக்கி வைக்கிறார், மழை வந்தால் உள்ளே இழுக்கிறார். ஒவ்வொரு கிழங்கிலும் துணி நாடா கட்டி, அதில் தன் மகளைக் கொண்டு பெயர் எழுத வைத்திருக்கிறார். அவருக்கு எழுதத் தெரியாது. ஆனால் காய்ந்த தண்டைப் பார்த்தே ரகத்தைச் சொல்கிறார். "அக்கா, இது திருட்டுனு ஆயிடுமா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நூறு வருடம் தாண்டிய ஒரு தோட்டத்தின் சொத்து ஒரு கூலித் தொழிலாளியின் கட்டிலுக்கு அடியில் பயந்து பயந்து கிடக்கிறது. இதைப் படித்த பிறகு உங்களில் யாருக்காவது அவர் மேல் நடவடிக்கை எடுக்கத் தோன்றினால், தயவு செய்து முதலில் அந்த ஏழு சாக்குகளுக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் சொல்லுங்கள்.

மே மாத மலர்க்காட்சிக்கு வெளியிலிருந்து லாரி லாரியாகத் தொட்டிகள் வருகின்றன. பத்து நாள் படம் எடுத்துக்கொண்டதும் அவை குப்பை மேட்டுக்குப் போகின்றன. அதற்குப் பணம் இருக்கிறது. வருடம் முழுக்க மண்ணோடு இருக்கும் ஆட்களை நிரந்தரமாக்கப் பணம் இல்லை என்கிறீர்கள். சீசனுக்கு எடுத்து சீசனோடு அனுப்பப்படுகிறவருக்கு, பனிக்காலத்தில் கிழங்கு தூக்கும் பக்குவத்தை யார், எப்போது சொல்லித் தருவது? அப்பாவோடு இருந்த ஆறு பேரில் இன்று உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். அவருக்கும் கண் மங்கிவிட்டது. வந்து கேட்டுக்கொள்ள ஆள் அனுப்புங்கள் என்று இரண்டாவது மனுவில் எழுதியிருந்தேன்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யச் சொல்லவில்லை. கிழங்கறையைத் திருப்பிக் கொடுங்கள். நாற்காலி எந்தக் கொட்டகையிலும் இருக்கும், கிழங்கு இருக்காது. பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, மிச்சம் இருப்பதை அதில் எழுதச் சொல்லுங்கள். கிழங்கு தூக்கி, மணலில் வைத்து, மறுபடி நடும் வரை இரண்டு பேரையாவது வேலையில் வையுங்கள். அந்தத் தொழிலாளி செய்தது திருட்டு இல்லை, பாதுகாப்பு என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

மாசி பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கழுத்தில் கண் திறக்கத் தொடங்கினால் கிழங்குகள் பெட்டிக்குள் இருக்க முடியாது. சாவி கிடைக்கும் நாளைச் சொன்னால் போதும், மணலை நாங்களே சலித்துக் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தோட்டத்துப் பழைய தொழிலாளி ஒருவரின் மகள்