கம்ப்யூட்டரை மாற்றாதே, கொஞ்சம் பொறு

அன்புள்ள கணேசா,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குப் பரீட்சை முடிந்தது. பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். பட்டாபி சொன்னதைக் கேட்டதும் உடனே எழுதுகிறேன். புது மானிட்டரில் எழுத்து மங்கலாகத் தெரிகிறதாம், பழைய மெஷினுக்கு இதன் டிரைவர் (கருவியை இயக்க கம்ப்யூட்டருக்கு வேண்டிய சாஃப்ட்வேர்) கிடைக்காது என்று கடைக்காரர் சொன்னாராம், நீயும் புது கம்ப்யூட்டருக்குப் பணம் எடுக்கக் கிளம்பிவிட்டாயாம். எனக்கு வயிறு எரிகிறது கணேசா.

மானிட்டருக்கென்று தனி டிரைவர் தேவையே இல்லை. தன் பெயர் என்ன, எந்த ரெசொல்யூஷன் (குறுக்கே, நெடுக்கே எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) தனக்குப் பொருந்தும் என்பதையெல்லாம் மானிட்டரே 128 பைட்டில் எழுதி வைத்திருக்கும். இடிஐடி என்பார்கள், 1994-லிருந்து இருக்கும் ஏற்பாடு. கேபிளைச் செருகியதும் கம்ப்யூட்டர் அதைப் படித்துக்கொள்ளும். விண்டோஸில் கருவிகளையெல்லாம் பட்டியல் போடும் டிவைஸ் மேனேஜரில் 'ஜெனரிக் பிஎன்பி மானிட்டர்' என்று வந்தால் ஒரு குறையும் இல்லை. சிடியில் டிரைவர் என்று தருவது பெரும்பாலும் மானிட்டரின் விவரம் எழுதிய ஒரு சின்ன ஐஎன்எஃப் ஃபைலும் நிறத்துக்கான ஃபைலும்தான்.

நீ பார்க்கவேண்டியது கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கம்ப்யூட்டருக்குள் படத்தை உருவாக்கும் பகுதிக்கான டிரைவர். விண்டோஸ் 7-ஐ உன் அக்கா பையன் ஃபார்மட் பண்ணிப் போட்டானே, அப்போது இதை விட்டிருப்பான் என்று சந்தேகம். அதே டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதைத் திற. 'ஸ்டாண்டர்ட் விஜிஏ' என்று இருந்தால் சரியான டிரைவர் ஏறவில்லை, கோளாறு அங்கேதான். இன்டெல் எச்டி கிராபிக்ஸ் டிரைவரைப் போடு. உன் மெஷினின் இரண்டாம் தலைமுறை இன்டெல் சிப் 1920×1080-ஐத் தாராளமாகக் கொடுக்கும். நீ வாங்கியது 4கே (3840×2160) என்றால்தான் தகராறு, அந்தத் தலைமுறை எச்டிஎம்ஐ 1920×1200-க்கு மேல் போகாது.

அப்புறம் கேபிள். பழைய நீல விஜிஏ கேபிளையே மாட்டியிருப்பாய், உன் சிக்கனம் எனக்குத் தெரியாதா! முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஒன்பதாவது ஊசி பல கேபிள்களில் இருக்காது, பரவாயில்லை. மூன்றாவது வரிசையில் 12, 15 ஊசிகள் மடங்கியிருந்தால் மானிட்டர் சொல்லும் விவரம் போய்ச் சேராது. படம் வரும், ஆனால் பெரும்பாலும் 1024×768-லேயே நின்றுவிடும். அந்தச் சின்னப் படத்தை மானிட்டர் திரை முழுக்க இழுத்து நிரப்புவதால்தான் மங்கல். பின்னால் எச்டிஎம்ஐ இருந்தால் விஜிஏவைக் கழற்றிவிடு.

கண் ஆபரேஷன் ஆன கையோடு இந்த மங்கலில் கணக்கு எழுதுகிறாய் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. இது சரியாகும்வரை அந்த வேலையை நிறுத்து. எழுத்து பெரிதாக வேண்டுமென்று ரெசொல்யூஷனைக் குறைக்காதே. 1920×1080-லேயே வைத்து, எழுத்தளவை மட்டும் 125 சதவீதமாக்கு.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. பேங்க் வேலையை அதில் செய்யாதே. மெஷினை மாற்ற ஒரு நாள் அது காரணமாகலாம், மானிட்டர் ஒருபோதும் ஆகாது.

டிவைஸ் மேனேஜரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ரமணி