பங்கர் காலத்தோடு பிள்ளைகளை ஒப்பிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளைப் பற்றி எங்கள் பெற்றோர் கூட்டங்களில் பேசப்படுவது புள்ளிகளும் வரவும் மட்டுமே என்பதால் இதை எழுதுகிறேன். வன்னியில் இவ்வயதுப் பிள்ளைகளின் பெற்றோரில் பலர், தமது பதின்ம வயதைப் போர்க்கால இடப்பெயர்விலும் பங்கர் என்ற பதுங்குகுழியிலும், 2009இல் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாம்களிலும் கழித்தவர்கள். கோபித்துக் கதவைச் சாத்திக்கொள்ள அவர்களுக்குக் கதவே இருக்கவில்லை. ஆகவே பிள்ளை எரிந்து விழும்போது, "உன்ர வயசில நாங்கள் மூட்டையோட ஓடித் திரிஞ்சனாங்கள், உனக்கு என்ன குறை?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்த வலி உண்மையானது. 12 வயதுப் பிள்ளைக்கோ அது குற்றவுணர்வைத் தவிர வேறெதையும் தருவதில்லை. பட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் சண்டைக்கு நடுவில் அல்ல.

அவ்வயதின் எரிச்சல் நன்றிகெட்டதனம் அன்று. பெண்பிள்ளைகளில் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண்பிள்ளைகளில் 9 முதல் 14 வயதுக்குள்ளும் உடல்மாற்றங்கள் தொடங்குகின்றன. உணர்ச்சிகள் வேகம்கொள்ளும் இக்காலத்தில், அவற்றை நிதானப்படுத்தும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை செல்லும். தூக்கம் வரும் நேரமும் பிந்துகிறது. 13 வயதைக் கடந்தவர்களுக்கு 8 முதல் 10 மணிநேரத் தூக்கம் தேவைப்படுகையில், விடியமுன்னரே எழுப்பி ரியூசனுக்குச் சைக்கிளில் அனுப்பிவிட்டு, பின்னேரம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று குறைப்படுகிறோம். கிராமத்து ஆரம்பப் பாடசாலையில் ஒரே வகுப்பாசிரியரின் கண்பார்வையில் வளர்ந்த பிள்ளை, பாடத்துக்கொரு ஆசிரியர் உள்ள பெரிய பாடசாலைக்குப் பஸ் ஏறுவதும் இக்காலத்தில்தான்.

மகள் பெரியபிள்ளையானதும் மண்டபம் எடுத்து, வீடியோ பிடித்துச் சாமத்தியவீடு செய்கிற நாம், உடலில் என்ன நடக்கப்போகிறது என்பதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதில்லை. மகனிடம் அதைப் பற்றி எவரும் வாயே திறப்பதில்லை.

வலயக் கல்வி அலுவலகங்கள், தரம் 6இன் முதலாம் தவணையிலேயே உளவளத்துணை ஆசிரியரையும் குடும்பநல உத்தியோகத்தரையும் அழைத்துப் பெற்றோருக்கென ஒரு கூட்டம் வைக்க வேண்டும். கூலிவேலைக்குப் போகும் தாய்மாரும் வரத்தக்கதாக அது பின்னேரத்தில் நடப்பது நல்லது. சிறுவர் உதவிக்கான 1929, உளநல உதவிக்கான 1926 ஆகிய தொலைபேசி இலக்கங்களைத் தங்கள் பத்திரிகையும் வாராவாரம் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மாங்குளம்.