வான்கோழி எலும்பைக் குப்பையில் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், கிறிஸ்துமஸ் விருந்தில் மீந்த வான்கோழியில் சூப் வைப்பது எப்படி என்று ஒரு சமையல் குறிப்பு வந்திருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து படித்தேன். எலும்பை நீக்கி எறிந்துவிட்டு, கறியைத் துண்டாக்கித் தண்ணீரில் போட்டுப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, சூப் க்யூப் ஒன்று சேர்க்கவும் என்று போட்டிருந்தீர்கள். கையில் இருந்த டீ ஆறிப்போய்விட்டது ஐயா. ருசி இருக்கிற சாமானைக் குப்பையில் போட்டுவிட்டு, ருசிக்குக் கடையில் போய்க் க்யூப் வாங்கச் சொன்னால் என்ன கணக்கு?

நான் காரைக்குடி செக்காலைப் பக்கம் குடியிருக்கிறேன். 31 வருஷம் கரண்டி பிடித்தவன். அதில் கடைசி 12 வருஷம் கானாடுகாத்தானில், பழைய நகரத்தார் வீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருந்த இடத்தில் சமையல். முழங்கால் ஒத்துழைக்காமல் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. டிசம்பர் கடைசியில் அங்கே வெளிநாட்டு விருந்தாளிகள் நிறைந்துவிடுவார்கள். பத்து நாள் மிளகுக் கோழி, உப்புக்கறி, குழிப்பணியாரம் என்று ஆசையாகச் சாப்பிடுகிறவர்கள், 24ஆம் தேதி ராத்திரி மட்டும் அவர்கள் ஊர்ச் சாப்பாடு வேண்டும் என்பார்கள். அப்படித்தான் வான்கோழி என் கைக்கு வந்தது. அதுவரை நமக்கு அது மயிலைப் பார்த்து ஆடி மானம் கெட்ட பறவை, அவ்வளவுதான்.

புதுவயல் பக்கம் தோப்பில் வளர்க்கிற ஒரு குடும்பத்தில் வாங்குவோம். சுத்தம் செய்த பிறகு ஆறு, ஏழு கிலோ நிற்கும். விடுதி ஓவனில் அது நுழையாது. ஊர் பேக்கரியில் பன் எல்லாம் எடுத்து முடித்த பிறகு, அந்தச் சூட்டில் வைத்து வாட்டி, துணி போட்டு மூடி டிவிஎஸ் எக்ஸெல்லில் கொண்டுவருவேன். வீட்டு நடு முற்றத்தை ஒட்டிய வளவில் இலை போட்டு, நடுவில் அதை வைத்ததும் ஒரே கைதட்டல். ஆனால் பறவை பெரிசு, வயிறு சின்னது. பத்தரை மணிக்கு எல்லோரும் எழுந்தபோது பாதிக் கறியும் முழு எலும்புக்கூடும் அப்படியே கிடந்தன.

முதல் வருஷம் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மார்கழிப் பனிதானே என்று, தட்டோடு இரண்டாம் கட்டுத் திண்ணையில் வைத்து, ஈ மொய்க்காமல் கூடை கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். காலையில் கூடையைத் தூக்கினால் ஒரு வாடை. அழுகல் வாடைகூட இல்லை, ஈரத்துணியைச் சுருட்டி வைத்தால் வருமே, அது. கூட இருந்த பையன், "மாஸ்டர், நல்லாக் கொதிக்க வச்சா சரியாயிடும்" என்றான். எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவையும் கொல்லைக் குழியில் போட்டு மூடினேன். அப்புறம் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கிற சூட்டில் கிருமி பெருகும். நம் ஊர் மார்கழி ராத்திரி 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நமக்குப் போர்வை கேட்கிற குளிர், கிருமிக்கு மெத்தை. சில கிருமிகள் விட்டுவிட்டுப் போகிற நஞ்சு, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். உங்கள் குறிப்பில் மறுநாள் செய்யலாம் என்று மட்டும் இருக்கிறது. அந்த ராத்திரி முழுக்க அது எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. க்யூபைக்கூட மன்னித்துவிடுவேன், இதை முடியவில்லை.

அடுத்த வருஷம் மேசையிலிருந்து எடுத்த கையோடு கறியை உதிர்த்து ஒரு டப்பாவில், எலும்பை ஒரு டப்பாவில் வைத்து உள்ளே தள்ளிவிட்டேன். மறுநாள் அடுப்படிக்கு வந்த அமெரிக்க அம்மா ஒருவர் அந்த எலும்பு டப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அவர்கள் ஊரில் நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை நன்றி சொல்லும் நாளாம், வீட்டுக்கு வீடு வான்கோழிதானாம். வெள்ளிக்கிழமை என்ன சமையல் என்று அவர் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்களாம், எலும்பு சூப்தான். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரர், தங்கள் மொழியில் வான்கோழியின் பெயருக்கே இந்தியக் கோழி என்றுதான் அர்த்தம் என்றார். துருக்கியிலும் அதை ஹிந்தி என்கிறார்களாம். இங்கிலீஷ்காரன் டர்க்கி என்று பெயர் வைத்து அதைத் துருக்கிக்காரன் தலையில் கட்டினான், துருக்கிக்காரன் நம் தலையில் கட்டிவிட்டான். உண்மையில் அது மெக்சிகோவில் மனுஷன் வளர்க்கப் பழகிய பறவை, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் கொண்டுபோய் ஐரோப்பாவில் விட்டது. மிளகாயும் அந்தப் பக்கத்துச் சரக்குதானே, இப்போது அது இல்லாமல் செட்டிநாட்டுச் சமையல் உண்டா!

சரி, சூப்புக்கு வருகிறேன்.

முதல் காரியம், வயிற்றுக்குள் அடைத்த ரொட்டித் தூள், மூலிகை எல்லாவற்றையும் விரல் விட்டு வழித்து எறிந்துவிட வேண்டும். அது கிடந்தால் சூப் கஞ்சியாகக் கலங்கும். எலும்புக்கூட்டை வெட்டுக்கத்தியின் முதுகால் நாலு தட்டுத் தட்டி உடைத்து, வாய் அகன்ற பாத்திரத்தில் போட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெந்நீர் கூடாது. எலும்பு முழுகி இரண்டு விரக்கடை மேலே நிற்க வேண்டும். வாட்டின தட்டில் அடிப்பிடித்துக் கருஞ்சிவப்பாக ஒட்டியிருக்குமே, அதில் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றிச் சுரண்டி இதில் சேர்த்துவிடுங்கள். உங்கள் க்யூப் அதுதான்.

பிறகு சின்னத் தீ. கொதி தளதளவென்று வரவே கூடாது, ஓரத்தில் ஒரு குமிழி, நடுவில் ஒரு குமிழி, அவ்வளவுதான். மேலே வருகிற நுரையைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நுரை அடங்கியதும் தோலோடு நசுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு, இஞ்சி, மல்லித்தழைக் காம்பு, முழு மிளகு, கல்பாசி ஒரு சிட்டிகை. அன்னாசிப்பூவும் மராட்டி மொக்கும் போட வேண்டாம், இந்தப் பறவைக்கு இருக்கிற லேசான வாசனையை அமுக்கிவிடும். மூடியைச் சாய்த்து வைத்து மூன்று மணி நேரம். அவசரமானால் குக்கரில் ஒரு மணி நேரம், ஆனால் தெளிவு அவ்வளவு வராது. எலும்பை ஒட்டிய ஜவ்வில் இருக்கிற கொலாஜன் மெள்ளக் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது, அதற்குத்தான் இத்தனை நேரம். கறிக்கு அந்த வேலை தெரியாது. நெஞ்சுக்கறியில் கொழுப்பே கிடையாது, ஏற்கெனவே ஒருமுறை வெந்தது வேறு. நீங்கள் சொன்னபடி கொதிக்கவிட்டால் தேங்காய் நார்தான்.

வடிகட்டிய பிறகு பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் நிரம்பிய தாம்பாளத்தில் வைத்துச் சூடு தணித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் திறந்து பார்க்க வேண்டும், அதுதான் எனக்குப் பிடித்த நேரம். மேலே கொழுப்பு வெளிர் மஞ்சளாக, ஊற்றிய மெழுகு மாதிரி உறைந்திருக்கும். கரண்டி முனையால் ஓரத்தை நெம்பினால் தகடாகவே வந்துவிடும். அடியில் சாறு கடல்பாசி போல நிற்கும். பாத்திரத்தைத் தட்டினால் நடுங்கும். பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இதுல மாவு போட்டீங்களா?" என்று கேட்டான்.

அதற்கு மேல் நம் கோழி ரசம்தான். நல்லெண்ணெயில் சோம்பு, பட்டை, கறிவேப்பிலை, அரிந்த சின்ன வெங்காயம், ஒரு தக்காளி. மிளகு, சீரகம், பூண்டை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, அந்தச் சாற்றை ஊற்றி நன்றாகக் கொதிக்க வைத்து, உதிர்த்த கறியைக் கடைசியில் போட்டு, கறி சூடேறி ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். உப்பை அப்போதுதான் தொட வேண்டும். வாட்டுவதற்கு முன் உப்புத் தண்ணீரில் ஊறிய பறவை, எலும்பிலேயே உப்பு ஏறியிருக்கும். இது தெரியாமல் ஒரு முறை வழக்கம்போல உப்புப் போட்டு, ஒரு பானை சூப்பில் கஞ்சித் தண்ணீர் கலந்து ஒப்பேற்றியிருக்கிறேன்.

விடுதி மேலாளர், விருந்தாளிக்கு மிச்சத்தைக் கொடுக்கக் கூடாது என்றார். நியாயம்தான். அதனால் வேலை பார்த்தவர்கள் நாங்கள் பதினோரு பேர் குடித்தோம். வீட்டுக்கார ஆச்சி பின்கட்டில் இருந்தார்கள், எண்பதைத் தாண்டியவர்கள். நகரத்தார் மார்கழியில் நிறைவு செய்கிற பிள்ளையார் நோன்பு, இழை எடுத்து முடிகிற வரை கவுச்சி தொட மாட்டார்கள். அந்த வருஷம் நோன்பு முன்னாலேயே முடிந்திருந்தது. மங்குக் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன தம்பி, கோழி மாதிரி இருக்கு, கோழி இல்லையே?" என்றார்கள். சொன்னேன். கிண்ணத்தைக் கீழே வைக்காமல், "எலும்பு எத்தனை மணி நேரம்?" என்று கேட்டார்கள். மூன்று என்றேன். "இன்னும் ஒரு மணி விட்டிருக்கலாம்" என்றார்கள்.

ஆகவே, வருகிற ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். எலும்பை எறிய வேண்டாம், ராத்திரி வெளியில் வைக்க வேண்டாம் என்ற இரண்டு வரி போதும். 25ஆம் தேதி விருந்தில் மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறவர்கள் மூன்று நான்கு நாளைக்குள் முடித்துவிட வேண்டும். இந்தக் கடிதம் அச்சாவதற்குள் அது தாண்டிவிடும் என்று தெரியும். ஆனால் எலும்பை அன்றைக்கே கட்டி ஃப்ரீசரில் போட்டவர்கள் கவலைப்பட வேண்டாம், பொங்கல் கழிந்துகூட எடுத்துச் செய்யலாம்.

இப்படிக்கு,
பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும்
ஓய்வுபெற்ற சமையல்காரர்,
செக்காலை, காரைக்குடி.