சமஷ்டி வரைவில் நீதிமன்றம் எங்கே?

சமஷ்டித் தீர்வை வரையும் தமிழ்க் கட்சிகளின் அரசியலமைப்புக் குழுவினருக்கு,

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

தமிழரசுக் கட்சி தொடங்கிய 1949இலிருந்து சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, கேட்கிறோம். எந்த அதிகாரம் யாருக்கு என்று நிறையவே பேசியாயிற்று. அந்த அதிகாரப் பட்டியலுக்கு இறுதிப் பொருள் சொல்லும் நீதிமன்றம் எது, அதில் அமர்வோர் யார் என்பதையும் எழுதுங்கள். மேல் மன்றத்தின் முன்தீர்ப்பு கீழ் மன்றங்களைக் கட்டுப்படுத்தும் நம் முறையில், ஒரு தீர்ப்பே பட்டியலைச் சுருக்கிவிடும்.

காணியை எடுங்கள். இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில், மாகாண சபைகளின் அதிகாரங்களைப் பட்டியலிடும் மாகாண நிரலில் அது இருக்கிறது. அந்நிரல் விடயங்களில் எழுத்தாணை (அரச அதிகாரிகளின் செயலைத் தடுக்கும் அல்லது செய்யச் சொல்லும் நீதிமன்றக் கட்டளை) வழங்கும் அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றத்துக்குக் கொடுத்ததும் அதே திருத்தந்தான். ஆனால் 2013இல் நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றம், அரச காணி மத்திக்கே (மத்திய அரசுக்கே) உரியது, அதிலிருந்து வெளியேறச் சொல்லும் அறிவித்தலுக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றம் எழுத்தாணை வழங்க முடியாது என்று தீர்த்தது. அரசியலமைப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

அமெரிக்காவில் மாநிலச் சட்டத்துக்கு மாநில உச்ச மன்றத்தின் சொல்லே முடிவு. அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 1938ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின், இரு மாநிலத்தவரிடையேயான வழக்கில் மத்திய நீதிமன்றமும் மாநிலச் சட்டத்தையே பின்பற்றுகிறது. ஆனால் அங்கே இரண்டு நீதிமன்ற வரிசைகள். எந்த மன்றத்துக்கு நியாயாதிக்கம் (வழக்கை விசாரிக்கும் அதிகாரம்) என்ற வாதத்திலேயே வழக்காளியின் காலமும் பணமும் போகும். அவுஸ்திரேலியா மத்திய சட்ட வழக்குகளை மாநில நீதிமன்றங்களும் விசாரிக்க வழிவிட்டது. மாநிலச் சட்ட வழக்கும் கன்பராவின் உயர் மன்றம் வரை போகலாம்.

எங்களுக்கு நெருக்கமானது கனடா. நீதிமன்றங்களை மாகாணம் அமைத்து நடத்தும். மேல்நிலை நீதிபதிகளை மத்தி நியமிக்கும். கியூபெக்கில் சிவில் சட்டம் பிரெஞ்சு வழிவந்தது என்பதால், உச்ச நீதிமன்றத்தின் 9 இடங்களில் 3 கியூபெக்குக்கு. அதுபோல, 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை இன்றும் இங்கே சட்டம். முதுசமும் (பரம்பரைச் சொத்தும்) தேடியதேட்டமும் (மணவாழ்வில் ஈட்டிய சொத்தும்) பற்றிய வழக்குகள் கொழும்பின் உயர் நீதிமன்றத்தில்தான் முடிகின்றன. அவற்றை விசாரித்துப் பழகிய நீதியரசர்களுக்கு அங்கே உறுதியான இடங்களைக் கேளுங்கள்.

இன்று மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நீதிபதிகளைப் பிரதம நீதியரசரே பெயர் குறிக்கிறார். மாகாணத்துக்கும் அதில் சொல் இருக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன், நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்விகேட்க முடியாது என்னும், அரசியலமைப்பின் 80(3) உறுப்புரையை நீக்கக் கோருங்கள். அது நிற்குமட்டும், மத்தி எல்லை மீறி இயற்றும் சட்டத்தை மாகாணம் எந்த நீதிமன்றத்திலும் வீழ்த்த முடியாது.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகள் சிலர்