பல்கலைக்கழகப் பிள்ளைகள் செய்தி எழுதிப் பழக ஒரு கால் பக்கம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் 28 வருடம் பிராந்திய நிருபராக இருந்தவன் நான். இப்போது ஓய்வு. உங்கள் பத்திரிகையிடம் ஒன்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன், பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படிக்கும் மூன்றாம் வருட மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்தார். கிண்ணியாப் பிள்ளை. பயிற்சிக்காக எழுதிய செய்தியொன்றைப் பார்த்துத் தரச் சொன்னார். உப்புவெளிக் கரைவலைத் தொழிலாளர் பற்றியது. முதல் வசனம் இது: "தொன்றுதொட்டு மீன்பிடியை ஜீவனோபாயமாகக் கொண்ட எமது மீனவ சமூகம் இன்று பல்வேறு சவால்களை எதிர்நோக்கி வருவது யாவரும் அறிந்ததே."

"நேற்று எத்தனை பேர் வலை இழுத்தார்கள், மகள்?" என்று கேட்டேன். தெரியாது. என்ன மீன் பட்டது? தெரியாது. "கடற்கரைக்குப் போனீர்களா?" "இல்லை சேர்." பழைய கட்டுரைகளையும் விரிவுரைக் குறிப்புகளையும் வைத்து விடுதியில் இருந்தபடியே எழுதியிருக்கிறார்.

பிள்ளையில் பிழை சொல்ல மாட்டேன். போய்ப் பார்த்து எழுது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. செய்தியின் வரைவிலக்கணம், யார் என்ன எங்கே எப்போது ஏன் எப்படி என்ற ஆறு கேள்விகள், முக்கியமானதை மேலே வைத்து எழுதும் தலைகீழ்ப் பிரமிட் எல்லாம் மனப்பாடம். பரீட்சையில் கேட்டால் படம் கீறிப் பாகம் குறித்துக் காட்டுவார்.

மறுநாள் விடியக்காலை ஐந்தரைக்குக் கடற்கரையில் மீனவர் வாடியடிக்கு வரச் சொன்னேன். ஒரு கொப்பி, ஒரு பேனை, அவ்வளவுதான். வலை கரைக்கு வர இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. முதலில் தள்ளியே நின்றார். அப்புறம் கிட்டப் போய்க் கயிறு இழுக்கிறவர்களை எண்ணினார். வயதான ஒருவரிடம் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர், முதலெழுத்துக் கேட்க மறந்துவிட்டதென்று மணலில் திரும்ப ஓடினார். வலையின் மடி கரையேறியபோது மூன்று கூடை சூடையும் அரைக்கூடை நெத்தலியும் இருந்தன. வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பங்கு எவ்வளவு, மற்றவர்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று அவரே கேட்டு, கணக்கைக் கொப்பியில் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்.

பின்னேரம் எழுதிக் கொண்டுவந்த முதல் வசனம்: "இரண்டரை மணித்தியாலம் கரைவலை இழுத்த 24 பேருக்கு உப்புவெளியில் நேற்றுக் காலை ஆளுக்கு 350 ரூபாதான் கிடைத்தது."

இதுதான் செய்தி. முந்திய நாள் அவர் எழுதிய பல்வேறு சவால்கள் அத்தனையும் இந்த 350 ரூபாவுக்குள் இருக்கின்றன.

எழுதும் நுட்பம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எதற்காக உண்டானது என்று கூடவே காட்ட வேண்டும். என் காலத்தில் கொழும்புக்குத் தொலைபேசியில் செய்தி வாசித்துக் கொடுப்போம். ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. லைன் எப்போது அறும் என்று தெரியாது. "இடம் போதாவிட்டால் கீழேயிருந்துதான் வெட்டுவேன் தம்பி, முக்கியமானதை மேலே வை" என்றார் செய்தி ஆசிரியர். 20 வரி கொடுத்து மறுநாள் 6 வரி அச்சில் வந்தபோது பிரமிட் எனக்குத் தானாக விளங்கியது. வகுப்பிலும் இதைச் செய்யலாம். பிள்ளை எழுதியதைக் கீழேயிருந்து வரி வரியாக மறைத்துக்கொண்டே போங்கள். மிஞ்சியது தனியாக நிற்குமா என்று அவரே பார்க்கட்டும்.

இன்னொரு சிக்கல், ஆங்கிலப் பாடப்புத்தகம் சொல்லித் தராதது. தமிழில் வினைச்சொல் வசனத்தின் கடைசியில் வருகிறது. ஆறு கேள்விக்கும் ஒரே வசனத்தில் பதில் சொல்லப் போனால், "வருகை தந்து, பார்வையிட்டு, குறைகளைக் கேட்டறிந்து, கலந்துரையாடி" என்று நீண்டு, என்ன நடந்தது என்பது ஏழாவது வரியில்தான் தெரியவரும். தமிழ்ப் பிள்ளைக்கு முதலில் பழக்க வேண்டியது அதை இரண்டாக உடைப்பது. நடந்தது முதல் வசனத்தில். யார் வந்தார், யாருடன் வந்தார் என்பதெல்லாம் அடுத்ததில்.

அப்புறம் இந்தக் "கூறப்படுகிறது", "தெரிவிக்கப்படுகிறது". யார் கூறினார்? திருகோணமலையில் இருந்து இதைக் கேட்க எனக்கு வேறு காரணமும் உண்டு. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்புச் சொன்னது. நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறையில் எடுத்த படங்களில் இருந்தவை சூட்டுக் காயங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். இந்த மாவட்டத்திலேயே இதழியல் படிக்கிற பிள்ளைகள் சிலரிடம் அவர் பெயரைச் சொன்னேன். யாருக்கும் தெரியவில்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தைப் பிள்ளைகள் படிக்கிறார்கள், விண்ணப்பம் போட்டுப் பார்த்தவர் ஒருவரையும் நான் காணவில்லை. பிரதேச சபையிடம் ஒரு வீதியின் செலவுக் கணக்கைக் கேட்கட்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். பதில் வந்தாலும் செய்தி, வராவிட்டாலும் செய்தி. அதோடு பொலிஸ் அறிக்கையைச் சிங்களத்தில் வாசிக்கவும் பழகவேண்டும். மூன்று இனமும் வாழும் மாவட்டத்தில் மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடி நிற்க முடியாது.

வகுப்பில் ஐம்பது, அறுபது பிள்ளைகள் இருக்கும்போது ஒவ்வொருவர் எழுத்தையும் பக்கத்தில் இருத்தித் திருத்த ஒரு விரிவுரையாளரால் முடியாது. எனக்கு அது விளங்குகிறது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

வாரத்தில் ஒரு நாள், உள்பக்கமொன்றில் கால் பக்கம் தாருங்கள். மாணவர் தாமே போய்ப் பார்த்து எழுதிய செய்தி மட்டும், 150 சொல்லுக்கு மேற்படாமல். பெயர் போட்டே வரட்டும். தன் பெயர் அச்சில் வரும் என்றால் பிள்ளை முதலெழுத்துக் கேட்கத் திரும்ப ஓடும். உங்கள் உதவி ஆசிரியர்கள் எதை வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்று இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பினால் போதும். அனுப்புமுன் ஒரு தரம் பார்த்துக் கொடுக்க என்னைப்போல ஓய்வுபெற்ற நிருபர்கள் மூதூரிலும் கிண்ணியாவிலும் நகரத்திலும் இருக்கிறோம். சம்பளம் வேண்டாம்.

கரைவலைச் செய்தியை இத்துடன் இணைத்திருக்கிறேன். 132 சொற்கள். பெயர்களும் கணக்கும் சரிபார்த்தாயிற்று. படமும் அந்தப் பிள்ளை எடுத்ததுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிராந்திய நிருபர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.