எட்டு புள்ளி இரண்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். முருங்கை இந்த வருஷம் காய்க்கவில்லை, இலையாகத் தள்ளுகிறது. போன் பண்ணினால் "மீட்டிங்பா, வெச்சிடுறேன்" என்கிறாய். அதனால்தான் காகிதம்.

உன் ரத்த ரிப்போர்ட்டைத் தம்பி எனக்கு அனுப்பிவிட்டான். அவனைத் திட்டாதே. பிளேட்லெட் 4.8 லட்சம் என்று சிவப்பில் இருப்பதைப் பார்த்து நீ பயந்துபோயிருப்பதாகச் சொன்னான். இரும்புச்சத்து இறங்கினால் பிளேட்லெட் கொஞ்சம் ஏறுவது வழக்கம்தான். வெள்ளையணு 7,200, குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு உறுத்தியது முதல் வரி. ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். சொந்தமாக வீடு வாங்கத் தெரிந்த பிள்ளைக்கு இதை அப்பாவிடம் சொல்லத் தெரியவில்லை.

31 வருஷம் லேபில் உட்கார்ந்த பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 68 என்றால் செல் சிறுத்துவிட்டது, 80க்குக் குறையக் கூடாது. அதைச் சிவப்பணு எண்ணிக்கை 3.9ஆல் வகுத்தேன். 17 சொச்சம். 13க்கு மேலே வந்தால் பெரும்பாலும் இரும்புக்குறை. தலசீமியா கூறு, அதாவது பரம்பரையாக வரும் ரத்தக் குறை என்றால் கீழே நிற்கும். இது கைக்கணக்குதான், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தால்தான் உறுதி.

எலும்பு மஜ்ஜை பாவம், நொடிக்கு இருபது லட்சம் சிவப்பணு செய்கிறது. ஒவ்வொன்றும் உட்கருவைக் கழற்றிப் போட்டுவிட்டு ரத்தத்துக்கு வந்து 120 நாள் ஓடுகிறது. மாவு குறைந்தாலும் ஆளுக்கு மூன்று தோசை வர வேண்டும் என்று அம்மா சின்னச் சின்னதாக, மெல்லிசாக ஊற்றுவாளே, இரும்பு இல்லாவிட்டால் மஜ்ஜையும் அப்படித்தான். லீஷ்மன் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்தச் செல் நடுவில் வெளிறி, ஓரம் மட்டும் வளையல் மாதிரி சிவந்திருக்கும். செத்த செல்லின் இரும்பை உடம்பு வீணாக்காது, திரும்ப எடுத்துக்கொள்ளும். இவ்வளவு இறங்கியிருக்கிறது என்றால் சாப்பாட்டில் வரவில்லை, அல்லது வந்தது ஒட்டவில்லை, அல்லது ரத்தமாக வெளியே போகிறது. எந்த வழி என்று நான் கேட்க மாட்டேன். ஒரு லேடி டாக்டரைப் பார்.

அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். "பொம்பளைன்னா எல்லாருக்கும் அப்படித்தான்" என்று அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

அவளை அப்படி நினைக்க விட்டவன் நான். மாவாட்டும்போது ஊறாத அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள், ஞாபகம் இருக்கிறதா? "அரிசி தின்னா கல்யாணத்துல மழை" என்று நீயும் தம்பியும் கேலி செய்வீர்கள். "அதான் கல்யாணம் முடிஞ்சிருச்சே" என்று நானும் சிரித்தேன். அரிசி, ஐஸ், திருநீறு என்று தேடித் தின்பது இரும்புக்குறையின் அடையாளம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். ஊரில் பாதிப் பேர் விரலைக் குத்தியவன் அவள் விரலைக் குத்தவில்லை.

மாமா வீட்டு மாடிப்படி விஷயத்துக்குப் பிறகுதான் குத்தினேன். ஹீமோகுளோபின் அளக்கும் சாலி குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பழுப்பு நிறத்தைக் கண்ணாடியோடு ஒத்துப் பார்த்தேன். ஆறைத் தொடவில்லை. லேப்காரன் பெண்டாட்டிக்கே இந்தக் கதியா என்று டாக்டர் கேட்பாரே என்று எட்டு என்று எழுதினேன். அவர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. நீங்கள் அப்போது பாட்டி வீட்டில் இருந்தீர்கள். அந்த எட்டைப் பற்றி அம்மாவுக்கு இன்று வரை தெரியாது.

டாக்டர் மாத்திரை எழுதினால் காபி, டீயோடு போடாதே. எலுமிச்சைச் சாறு நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. 12 வந்ததும் நிறுத்திவிடாதே, இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது ஆகும். ஆனால் மாத்திரை மட்டும் போதாது. லேடி டாக்டரைப் பார்.

போன பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது, ராத்திரி சமையலறையில் அரிசி டின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள்.

தம்பி அனுப்பிய போட்டோவில் கடைசி நாலு வரி அவன் கட்டைவிரலில் மறைந்துவிட்டது. முழுசாக எடுத்து நீயே அனுப்பு.

அப்பா